காணாமல் போன ஒரு கிலோ நூறு கிராம்

"கடைசியா ஒரு தடவை கேக்கிறேன். அந்தக் குழந்தை எங்கே?"

இன்ஸ்பெக்டர் ஆஃப்தாபுதீன் மேஜையை ஓங்கித் தட்டினார். மேஜை மேலிருந்த டீ டம்ளர் துள்ளியது. எதிரே நின்ற ஜோஷ்னாரா அசையவில்லை. இருபது வயசு. சேலைத் தலைப்பைப் பல்லில் கடித்தபடி தரையையே பார்த்துக்கொண்டிருந்தாள். நாலு நாளாக இதே கேள்வி, இதே தரை.

"கடைசியா ஒரு தடவைன்னு காலையில இருந்து பன்னெண்டு தடவை கேட்டுட்டார்க்கா," என்று தில்ருபாவின் காதில் முணுமுணுத்தான் மொக்லேஸ்.

மொக்லேஸ் துப்பறியும் தில்ருபாவின் உதவியாளன். மோட்டார் சைக்கிள் ஓட்டுவான், பை தூக்குவான், யாரிடமும் பேச்சுக் கொடுத்து விஷயத்தைக் கறப்பான். வாயை மூடச் சொன்னால் மட்டும் கேட்கமாட்டான். தில்ருபா ரங்பூரில் பதினெட்டு வருஷம் கணக்கு டீச்சராக இருந்தவள். காப்பியடித்த விடைத்தாளை முகர்ந்தே கண்டுபிடிப்பாள் என்று பேர். டீச்சர் வேலையை விட்டும் அந்தச் சந்தேகப் புத்தி அவளை விடவில்லை. மொக்லேஸ் சொன்ன நேரத்தைக்கூடத் தன் கைக்கடிகாரத்தில் சரிபார்ப்பாள்.

"வாங்க மேடம், நீங்களே பாருங்க." இன்ஸ்பெக்டர் ஒரு மஞ்சள் அட்டையை நீட்டினார். "ஷாலிக்மாரி மணல்திட்டுல இருந்து வந்திருக்கா. அங்க வயித்துல புள்ள இருக்கிற பொம்பளைங்களுக்குத் தினம் ஒரு சத்துப் பாக்கெட் குடுக்கிறாங்க. வேர்க்கடலை விழுது, இனிப்பா இருக்கும். புள்ள பிறந்ததும் ஆள் போய் எடை போட்டு இந்த அட்டையில எழுதுவான். இவ புள்ளைக்கு என்ன எழுதியிருக்கு?"

"பிப்ரவரி மூணு. பெண். மூவாயிரத்து நூத்தி இருபது கிராம்."

"பதினஞ்சாம் நாள் இருமல்னு ஆஸ்பத்திரிக்குத் தூக்கிட்டு வர்றா. நர்ஸ் எடை போட்டா ரெண்டாயிரத்து நூத்தி எண்பது! வளர வேண்டிய புள்ள கிட்டத்தட்ட ஒரு கிலோ சுருங்குமா?"

"சுருங்காது."

"அப்ப இது அந்தப் புள்ளையே இல்ல. கொழுகொழுன்னு இருந்ததை எவனுக்கோ குடுத்துட்டு, ஒரு நோஞ்சானைத் தூக்கிட்டு வந்து நிக்கிறா."

"வித்தவ எதுக்கு ஸார் இன்னொண்ணை வாங்கணும்?" என்றான் மொக்லேஸ். "பழசைக் குடுத்தா புதுசு தர்ற திட்டம் ஏதாவது வந்திருக்கா?"

இன்ஸ்பெக்டர் முறைத்தார். மொக்லேஸ் சுவரில் இருந்த பல்லியை அக்கறையாகப் பார்த்தான்.

தில்ருபாவை வரச் சொன்னது போலீஸ் இல்லை. ஆஸ்பத்திரி டாக்டர் நாஜ்னீன்தான் கூப்பிட்டு அனுப்பியவர். போலீஸ் ஸ்டேஷனுக்கு எதிர்ச்சாரியில்தான் ஆஸ்பத்திரி. போனதும் ஒரு துண்டுச்சீட்டைக் கையில் கொடுத்தார்.

"அம்மாவைப் பிரிச்சதுல இருந்து எழுதி வச்சிருக்கேன். 2180, 2140, 2100, 2060. இன்னிக்கு 2020, அட்டையில இருக்கிறதைவிட ஒரு கிலோ நூறு கிராம் கம்மி. கரண்டிப் பாலைத் துப்புது. அம்மாகிட்ட விடுங்கன்னா, யார் புள்ளைன்னே தெரியாம எப்படி விடுறதுங்கிறார் இன்ஸ்பெக்டர். டாக்காவுக்கு ரத்தம் அனுப்பிப் பாக்கலாம், முடிவு வர மூணு வாரம் ஆகும்." டாக்டர் தொட்டிலைக் காட்டினார். "இவகிட்ட மூணு வாரம் இல்ல தில்ருபா. மூணு நாள் இருந்தா அதிகம்."

தொட்டிலில் கிடந்தது அழக்கூடத் தெம்பில்லாமல் வாயை மட்டும் கோணியது. மொக்லேஸுக்கு ஜோக் எதுவும் வரவில்லை. அவனுக்கும் வீட்டில் ஒரு பெண் குழந்தை.

திரும்பி ஸ்டேஷனுக்குப் போய் தில்ருபா ஜோஷ்னாராவிடம் ஒரே ஒரு கேள்வி கேட்டாள். "அன்னிக்கு எடை போட்டது உன் புள்ளையைத்தானா?"

ஜோஷ்னாராவின் உதடு பிரிந்தது. கண் நிறைய நீர் கட்டிவிட்டது. சொல்லப்போகிறாள் என்று நினைத்த நேரத்தில் வலது உள்ளங்கையை ஒரு தடவை பார்த்தாள், நெருப்பைத் தொட்டவள் மாதிரி அதை இடுப்புக்குப் பின்னால் ஒளித்துக்கொண்டாள். மறுபடியும் தரை.

வெளியே வந்ததும் தில்ருபா சொன்னாள்: "பொய் சொல்றவ இந்நேரம் பத்து கதை சொல்லியிருப்பா. இவ வாயை யாரோ பூட்டி வச்சிருக்காங்க மொக்லேஸ். அந்தத் திட்டுல இந்த மாசம் பிறந்த எல்லாப் புள்ளைங்களோட எடைப் பதிவும் வேணும். எடை போட்டவனும் வேணும்."

* * *

எடை போட்டவன் பேர் தொஃபாஜல். படகுத்துறை டீக்கடையில் பொரியைக் கொறித்துக்கொண்டிருந்தவனை மொக்லேஸ் பேசிப் பேசியே படகில் ஏற்றிவிட்டான். தராசுப் பையையும் விடவில்லை. எஞ்சின் படகு தடதடவென்று பிரம்மபுத்திராவில் இறங்கியது.

"நான் விதிப்படிதான் செஞ்சேன் மேடம்," என்று கேட்பதற்கு முன்பே ஆரம்பித்தான் தொஃபாஜல். வேர்த்திருந்தது. பிப்ரவரிக் காற்றில் யாருக்கும் வேர்க்காது. "எப்பவும் நிலூஃபர் அக்காதான் எடை போடும். அதுக்கே பிரசவம்னு லீவுல போயிருச்சு. என்னை அனுப்பிட்டாங்க."

"புள்ளை பெத்த அறைக்குள்ள ஆம்பளையை விடுவாங்களா?"

"அதெப்படி? நான் வாசல்லதான் நிப்பேன். துணியில சுத்திக் கொண்டாந்து கையில தருவாங்க. அப்படியே தொங்கவிட்டு எடை பாப்பேன். அப்புறம் துணியை மட்டும் தனியா எடை போட்டுக் கழிச்சுருவேன்."

"துணிக்குள்ள என்ன இருக்குன்னு பாத்தியா?"

"புள்ளைதான் இருக்கும். வேற என்ன இருக்கும்?"

"பையனா பொண்ணான்னு?"

"சொல்றதை எழுதிக்குவேன் மேடம். ஊரான் வீட்டு வாசல்ல நின்னுக்கிட்டுத் துணியை விலக்கிப் பாக்கவா முடியும்?"

தில்ருபா பதிவுத்தாளை மடியில் விரித்தாள். அஞ்சு வீடு, அஞ்சு பிறப்பு. அவள் விரல் எடையைத் தாண்டிப் பக்கத்துக் கட்டத்தில் போய் நின்றது. "மொக்லேஸ், துணியோட எடையை மட்டும் படி."

"நானூத்திப் பத்து. நானூத்திப் பத்து. நானூத்திப் பத்து..." மொக்லேஸ் நிறுத்தினான். "என்னக்கா இது, அஞ்சு வீட்டுலயும் நானூத்திப் பத்தா? பழஞ்சேலையை அடுக்கித் தைக்கிற காந்தாத் துணி அது. என் பொண்டாட்டி அஞ்சு தச்சா. ஒண்ணு தலையணை கனம், ஒண்ணு கைக்குட்டை கனம். அஞ்சு வீட்டுக்காரிங்க எப்படி ஒரு கிராம் பிசகாம தைப்பாங்க?"

"தைக்கமாட்டாங்க. ஒரே துணி."

"இல்லாதப்பட்ட ஜனம், இரவல் வாங்கியிருப்பாங்க," என்று சட்டென்று சொன்னான் தொஃபாஜல்.

"இருக்கலாம்," என்றாள் தில்ருபா. இருக்காது என்று அர்த்தம். "இப்ப எடையைப் படி. தேதியோட."

"மூணாந்தேதி, ஜோஷ்னாரா புள்ள, 3120. ஏழாந்தேதி 3250. பத்து, 3330. பதினாலு, 3460. பதினேழு, 3540." மொக்லேஸ் விசிலடித்தான். "ஒண்ணைவிட ஒண்ணு பெரிசால்ல பிறக்குது! பாக்கெட் பிரமாதமா வேலை செய்யுது போல."

"ஒரு நாளைக்கு எத்தனை கூடுது?"

மொக்லேஸ் விரல்விட்டான். நாலு நாளில் நூத்தி முப்பது. மூணு நாளில் எண்பது. மறுபடி நாலு நாளில் நூத்தி முப்பது. "சுமாரா முப்பது கிராம்க்கா."

"தாய்ப்பால் குடிக்கிற குழந்தை ஒரு நாளைக்கு எவ்வளவு எடை கூடும்? உன் பொண்ணுக்கு டாக்டர் என்ன சொன்னார்?"

"முப்பது கிரா..." மொக்லேஸின் வாய் திறந்தபடி நின்றது. அவன் வாழ்க்கையில் அது அபூர்வம். "யா அல்லா! இது அஞ்சு குழந்தை இல்லக்கா. ஒரே குழந்தை! வளர்ந்துக்கிட்டே வீடு வீடாப் போயிருக்கு!"

"போயிருக்கு."

"மூணு வீட்ல பையன், ரெண்டு வீட்ல பொண்ணு. பிறந்த மாசமே இவ்வளவு திறமையா?"

தொஃபாஜல் தலையில் கை வைத்துக்கொண்டான். அவனும் கூட்டாளியா, அல்லது வெறும் மந்தமா? தில்ருபா அவனை ரொம்ப நேரம் பார்த்தாள். மந்தம்தான் என்று முடிவு கட்டினாள். ஆனாலும் தராசுப் பையைத் தன் பக்கம் இழுத்து வைத்துக்கொண்டாள்.

* * *

ஷாலிக்மாரியில் இறங்கினால் கணுக்கால்வரை மணல். அதைத் தாண்டி மக்காச்சோளம், மிளகாய், சணல் குச்சி வேலிக்குள் தகரக் கூரைகள். வீட்டுக்கு வீடு பெண்கள் எட்டிப் பார்த்தார்கள். இவர்கள் திரும்பிப் பார்த்ததும் தலைகள் மறைந்தன. பதிவில் இருந்த மற்ற நாலு வீட்டிலும் தில்ருபா போய் நின்றாள். நாலு தாய்மாரும் குழந்தையை மாரோடு மூடிக்கொண்டு, ஜோஷ்னாரா மாதிரியே தரையைப் பார்த்தார்கள். ஒருத்தி கேட்ட கேள்விக்குப் பதிலாக ஓவென்று அழுதேவிட்டாள்.

"இந்த ஊர்ல எல்லாருக்கும் தரையில என்னதான் தெரியுதோ," என்றான் மொக்லேஸ். "அக்கா, இன்னொரு சிக்கல். திட்டுல வயித்துப் புள்ளைக்காரிங்க அத்தனை பேரும் பதிவுல இருக்காங்க. பிறந்தது அஞ்சே அஞ்சுதான். அந்தக் குண்டுப் பாப்பா எங்கிருந்து வந்துச்சு?"

"உன் பொண்டாட்டிக்கு முதல் பிரசவம் எங்க நடந்துச்சு?"

"எங்க நடக்கும்? அவ அம்மா வீட்டுலதான்." சொல்லிவிட்டு நெற்றியில் பட்டென்று அடித்துக்கொண்டான். "வேற ஊர்ல வாக்கப்பட்டவ! பிரசவத்துக்குத் தாய் வீடு வந்திருக்கா! அவ பேரு புருஷன் ஊர்ப் பதிவுலதான் இருக்கும், இங்க இருக்காது!"

"எந்த வீடுன்னு கண்டுபிடி."

"இதுக்குப் போய் துப்பறியணுமா? மாப்பிள்ளை விருந்துக்கு வந்தா சேவல் கத்தும், அப்புறம் கத்தாது." அவன் திட்டின் ஒரே பெட்டிக்கடைக்குப் போய், வெற்றிலை வாங்கி, கடைக்காரனின் முட்டி வலியை விசாரித்து, அஞ்சு நிமிஷத்தில் திரும்பினான். முகத்தில் சிரிப்பில்லை. "போன வெள்ளிக்கிழமை ரெண்டு சேவல். மொர்ஜினா வீட்டுல."

"மொர்ஜினா யாரு?"

பதில் சொன்னது தொஃபாஜல். "பாக்கெட்டை வீடு வீடாக் குடுத்து, காலிப் பாக்கெட்டை எண்ணித் திருப்பி வாங்கிக்கிற தொண்டருங்க மேடம். மொர்ஜினா சாச்சிம்போம், ஊருக்கே சின்னம்மா மாதிரி. அஞ்சு வீட்டுலயும் புள்ளையைக் கொண்டாந்து என் கையில குடுத்ததே அதுதான்."

மொர்ஜினா வீட்டில் இல்லை, பாக்கெட் கொடுக்க வடக்குக் கோடிக்குப் போயிருந்தாள். கொடியில் ஒரு காந்தாத் துணி காய்ந்துகொண்டிருந்தது. மொக்லேஸ் அதை உருவித் தராசில் மாட்டினான். முள் ஆடி ஆடி நின்றது. நானூத்திப் பத்து.

"யாரது? எம்புள்ளைத் துணியை எதுக்கு நிறுக்கிறீங்க?"

வாசலில் இருபத்திரண்டு வயசுப் பெண். இடுப்பில் கன்னம் தொங்கும் ஒரு பெண் குழந்தை. தாய் வீட்டுச் சோற்றின் மினுமினுப்பு அவள் முகத்தில் இருந்தது. மொர்ஜினாவின் மகள் லைஜு.

"உன் புள்ளை அஞ்சு வீட்டுக்கு விருந்து போச்சாமே," என்றாள் தில்ருபா.

லைஜு கலகலவென்று சிரித்து, தில்ருபாவைச் சித்தி முறை வைத்தே கூப்பிட்டாள். "உங்களுக்கும் தெரிஞ்சிருச்சா காலா? அம்மா பண்ண கூத்து! முதல்ல ஜோஷ்னாராவுக்கு மட்டும்தான் கேட்டா. அவ புள்ளை எலிக்குஞ்சு கணக்கா இருந்துச்சு, வெளிய காட்டினா கண்ணு படும்னு. அப்புறம் மத்தவளுங்க சும்மா இருப்பாளுங்களா? அவ புள்ளைக்கு மட்டும் நல்ல எடையா, எங்களுக்கும் குடுன்னு வரிசை கட்டிட்டாளுங்க."

"எல்லாரும் ஏன் வாயைத் திறக்கமாட்டேங்கிறாங்க?"

"அவங்கவங்க புள்ளை தலையில கை வச்சு அம்மா சத்தியம் வாங்கிட்டா. யாருகிட்டயாவது சொன்னா புள்ளைக்கு ஆகாது. எங்கிட்ட மட்டும் சத்தியம் கேக்கல, நான் நாளைக்குப் புருஷன் வீட்டுக்குப் போறவதானே."

மொக்லேஸுக்கு ஜோஷ்னாரா தன் உள்ளங்கையைப் பார்த்தது கண்ணில் வந்தது. சொன்னால் பிள்ளை செத்துப்போகும் என்று நம்புகிறாள். சொல்லாவிட்டால் பிள்ளை செத்துக்கொண்டிருக்கிறது. நாலு நாள் அந்தப் பெண் எப்படித்தான் மூச்சுவிட்டாளோ!

"ஜோஷ்னாரா இப்ப எங்க இருக்கான்னு தெரியுமா உனக்கு?" என்றான்.

"புள்ளைக்கு இருமல்னு ஆஸ்பத்திரியில இருக்கான்னு அம்மா சொன்னா."

"புள்ளை ஆஸ்பத்திரியில. அவ போலீஸ் ஸ்டேஷன்ல. புள்ளையை மாத்திட்டாளாம்."

லைஜுவின் சிரிப்பு அப்படியே நின்றது. "அய்யோ," என்றாள். "நான் வந்து சொல்றேன். இப்பவே வர்றேன்." உள்ளே ஓடிப் பையில் துணிகளைத் திணித்தாள். பையிலிருந்து ஏதோ வெள்ளியாக ஒரு துண்டு மண்ணில் விழுந்தது. தில்ருபா குனிந்து அதை எடுத்தாள். முன்னும் பின்னும் பார்த்தாள், மூக்கில் வைத்தாள், மடித்துக் கைப்பைக்குள் போட்டுக்கொண்டாள். அவள் முகம் மாறியதை மொக்லேஸ் கவனித்தான். என்னவென்று கேட்பதற்குள் வேலிப் பக்கம் பூட்ஸ் சத்தம் கேட்டது.

"கிடைச்சிருச்சு!" இன்ஸ்பெக்டர் ஆஃப்தாபுதீன், பின்னால் ரெண்டு போலீஸ். தில்ருபா படகேறிய செய்தி தெரிந்து அடுத்த படகிலேயே வந்திருக்கிறார். லைஜுவின் இடுப்புக் குழந்தையை நோக்கி விரலை நீட்டினார். "காணாமப் போன என் ஒரு கிலோ நூறு கிராம் இதோ இருக்கு! நான் சொல்லலை? நல்ல புள்ளையை இவகிட்டக் குடுத்திருக்கா!"

"இது எம்புள்ள!" என்று அலறினாள் லைஜு.

"அதை ஆஸ்பத்திரியில பேசிக்கலாம் ஸார்," என்றாள் தில்ருபா. "தாராளமா கூட்டிட்டுப் போங்க. எனக்கும் அங்கதான் வேலை."

படகு கிளம்பும்போது மணலில் விழுந்தடித்து ஓடிவந்தாள் ஒரு நாற்பத்தைந்து வயசுக்காரி. தோளில் பாக்கெட் திட்டத்தின் நீலப் பை. மொர்ஜினா. மகளையும் போலீஸையும் பார்த்தவள் முழங்கால் தண்ணீரில் இறங்கிப் படகில் ஏறிக்கொண்டாள். வழி முழுக்க அவள் பார்வை தில்ருபாவின் கைப்பை மேலேயே இருந்தது.

* * *

குழந்தைகள் வார்டில் டாக்டர் நாஜ்னீன் எடை எந்திரத்தைத் துடைத்து வைத்தார். ஒரு ஓரத்தில் பெண் போலீஸ் பக்கத்தில் ஜோஷ்னாரா. தொட்டில் எட்டடி தூரத்தில் இருந்தது. அவள் கழுத்து அந்தப் பக்கமே திரும்பியிருந்தது.

"அஞ்சு அட்டைக்கும் குழந்தை ஒண்ணுதான் ஸார்," என்றாள் தில்ருபா.

"கதை."

"பதினேழாந்தேதி 3540. இன்னிக்கு இருபத்திரெண்டு. அஞ்சு நாள், ஒரு நாளைக்கு முப்பது கிராம். லைஜு புள்ளையைத் துணியில்லாம எடை போடுங்க. 3690 வரணும். பத்து கிராம் முன்னப்பின்ன."

லைஜு குழந்தையைக் கிடத்தினாள். எண்கள் ஓடின. மொக்லேஸ் தெரிந்த துஆ எல்லாவற்றையும் மனசுக்குள் ஓதினான். 3680.

இன்ஸ்பெக்டர் எந்திரத்தைப் பார்த்தார், பதிவுத்தாளைப் பார்த்தார், மறுபடியும் எந்திரத்தைப் பார்த்தார். "இது எப்படி..."

"வேணும்னா அஞ்சு அம்மாவுக்கும் ஆளுக்கொரு நாள் முறை வச்சுக் குடுத்துருங்க ஸார்," என்றான் மொக்லேஸ். "வெள்ளிக்கிழமை லீவு."

"அப்ப அந்தச் சின்னது?"

பதில் வாசல் பக்கமிருந்து வந்தது. "ஜோஷ்னாரா பெத்ததுதான் சாகேப்." மொர்ஜினா உள்ளே வந்தாள். "நாளுக்கு ஒரு மாசம் முந்தி வந்துச்சு. நான்தான் துடைச்சு எடுத்தேன். வலது காதுக்குப் பின்னால மச்சம் இருக்கும். நான் வாங்கின சத்தியத்தை நானே எடுத்துக்கிறேன், புள்ளைக்கு ஒண்ணும் ஆகாது. கண்ணு படக்கூடாதுன்னுதான் சாகேப் செஞ்சேன், வேற ஒண்ணுமில்ல."

டாக்டர் குனிந்து காதை மடக்கிப் பார்த்துத் தலையசைத்தார். இன்ஸ்பெக்டர் தொப்பியைக் கழற்றினார். எல்லாம் முடிந்தது என்று மொக்லேஸ் பெருமூச்சு விட்டான். தில்ருபா மட்டும் நகரவில்லை.

"வேற ஒண்ணுமில்லையா மொர்ஜினா?" கைப்பையைத் திறந்து அந்த வெள்ளித் துண்டை எடுத்தாள். கிழித்து, நக்கித் தீர்த்த ஒரு பாக்கெட். "காலிப் பாக்கெட்டைக் கூட விடாம நீதானே திருப்பி வாங்கிடுவே. திட்டுல எந்த வீட்டுலயும் ஒண்ணு கிடந்து நான் பாக்கல. பதிவுலயே இல்லாத லைஜு பையில இது எப்படி வந்துச்சு?"

மொர்ஜினா வாயைத் திறப்பதற்குள் மகள் முந்திக்கொண்டாள். "அதுவா? அம்மாதான் குடுத்தனுப்பும் காலா. எங்க மாமியா வீட்டுப் பக்கம் இந்தப் பாக்கெட் கிடையாது. ஆறு மாசமா வாராவாரம் படகுக்காரர்கிட்ட வரும். மீந்து போனதுன்னு சொல்லும்."

எண்ணிக் கொடுக்கிற பாக்கெட் மிஞ்சுவதில்லை என்பது அங்கிருந்த எல்லாருக்கும் தெரியும், லைஜுவைத் தவிர.

"யாரோட பங்கு?" என்றாள் தில்ருபா.

மொர்ஜினா சுவரைப் பிடித்தபடி அப்படியே உட்கார்ந்தாள். "ஒரு நாள் விட்டு ஒரு நாள் தின்னாப் போதும்னு ஜோஷ்னாராகிட்ட சொன்னேன். அவளுக்குப் படிக்கத் தெரியாது. மாமியா, நாத்தனான்னு கேக்கவும் ஆளில்ல. எம்பொண்ணுக்கு முதல் புள்ளை... அங்க வயித்துக்குச் சோறே சரியாக் கிடையாது... அந்தக் குஞ்சு என் கையில விழுந்தப்பவே தெரிஞ்சுபோச்சு. அதோட சதையை நான்தான் தின்னு தீத்தேன்னு. அதை எடை போட்டா கேள்வி வரும்னு பயந்தேன்."

மொக்லேஸ் இன்ஸ்பெக்டரைப் பார்த்தான். மனுஷன் சொன்னது தப்பு. ஆனால் திருட்டு நடந்திருக்கிறது, திருடின பொருள் அந்தக் குண்டுக் கன்னத்தில்தான் போய்ச் சேர்ந்திருக்கிறது. முட்டாள்தனமாகப் பேசியும் பாதி சரியாகச் சொன்ன ஒரே ஆள் இவர்தான் என்று நினைத்து அவனுக்கு எரிச்சலாக வந்தது.

டாக்டர் தொண்டையைச் செருமினார். "அப்படியெல்லாம் சொல்லமுடியாது. பாக்கெட்டால கூடுறது கொஞ்சம்தான். அம்பது கிராம், மிஞ்சினா நூறு. இவ சின்னதா இருக்கிறது ஒரு மாசம் முந்திப் பிறந்ததாலதான்..."

"அந்த அம்பது கிராம் யாரோடது?"

எல்லாரும் திரும்பினார்கள். ஜோஷ்னாரா பேசினாள். நாலு நாளாகப் பேசாததால் குரல் கரகரவென்று வந்தது.

"ஒரு நாளைக்கு நாப்பது கிராம் குறையுதுன்னு எல்லாரும் பதறுறீங்களே. அம்பது கிராம் சும்மாவா? சாச்சி, நீ குடுத்ததை நான் கண்ணுல ஒத்திக்கிட்டுத் தின்னேன். நீ சொன்னேன்னு எம்புள்ள தலையில கை வச்சேன்."

பெண் போலீஸ் கையை விட்டுவிட்டாள். ஜோஷ்னாரா எட்டடியை ரெண்டே எட்டில் கடந்து குழந்தையை அள்ளி, சுவர்ப்பக்கம் திரும்பி மாரில் சேர்த்தாள். குழந்தை தேடியது, பற்றியது, ரெண்டு இழுப்பு இழுத்தது. விட்டுவிட்டுக் கீச்சென்று அழுதது. மறுபக்கம் மாற்றினாள். அதே கதை.

"பயத்துலயும் பிரிவுலயும் பால் வத்தியிருக்கு," என்றார் டாக்டர் தணிந்த குரலில். "வச்சுக்கிட்டே இரு, ரெண்டு மூணு நாள்ல ஊறும். ஆனா இப்ப, இந்த நிமிஷம், இதுக்குள்ள ஏதாவது போகணும். கரண்டியிலதான் முயற்சி பண்ணணும்."

லைஜு தன் தாயைப் பார்க்கவே இல்லை. அவள் சட்டை முன்பக்கம் நனைந்து கறையாகப் படர்ந்திருந்தது. சின்னது அழ அழ இவளுக்குச் சுரந்துகொண்டிருந்தது.

ஜோஷ்னாரா அதைப் பார்த்தாள். ரொம்ப நேரம் பார்த்தாள். மொக்லேஸுக்கு அந்தப் பார்வை பயமாக இருந்தது.

"லைஜு அக்கா. உக்காரு."

லைஜு உட்கார்ந்தாள்.

"தெரியாமத் தின்னியோ தெரிஞ்சு தின்னியோ, எம்பொண்ணு பங்கைத் தின்னே. இப்ப இவளுக்குக் குடு."

லைஜு தன் குழந்தையைத் தாயின் மடியில் கிடத்திவிட்டு ரெண்டு கையையும் நீட்டினாள். ஆண்கள் எல்லாரும் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்கள். கொஞ்ச நேரம் கீச்சுச் சத்தம். அப்புறம் அது நின்றது. அப்புறம் மிடறு மிடறாக விழுங்கும் சத்தம், வார்டு முழுக்கக் கேட்டது.

"பால் குடிச்சாச்சு. இனிமே ரெண்டும் அக்கா தங்கச்சி," என்றான் மொக்லேஸ் ஜன்னலைப் பார்த்தபடியே. மூக்கை உறிஞ்சிக்கொண்டான். "தூசி அதிகம் இந்த ஆஸ்பத்திரியில."

இன்ஸ்பெக்டர் மேஜைப் பக்கம் போய்த் தாளை எடுத்தார், பேனாவைத் திறந்தார். தில்ருபாவின் முகத்தைப் பார்க்கத் தைரியம் வரவில்லை. "ஜோஷ்னாரா," என்றார், முதல் தடவையாகக் குரலைத் தாழ்த்தி. "மொர்ஜினா மேல கேஸ் எழுதட்டுமா? நீ சொல்றதுதான்."

மொர்ஜினா பேத்தியை நெஞ்சில் அழுத்திக்கொண்டு நிமிர்ந்து பார்த்தாள். லைஜு தலையைக் குனிந்துகொண்டாள்.

ஜோஷ்னாரா யாரையும் பார்க்கவில்லை. தன் மகளின் தொண்டை ஏறி இறங்குவதையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"இவ குடிச்சு முடிக்கட்டும்," என்றாள். "அப்புறம் சொல்றேன்."